முப்பது வயது வரை நீண்ட பயிற்சிக்காலம்

அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பு முதன்முதலாகப் பதிவானது 1946ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி, ஹவாயில். அமெரிக்கக் கடற்படையில் இருந்த அவருக்கு அப்போது வயது 19. உடன் பணியாற்றிய சில இசைக்காரர்களோடு சேர்ந்து, ஆல்டோ கலைஞர் சார்லி பார்க்கரும் டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லஸ்பியும் அப்போதுதான் பரப்பத் தொடங்கியிருந்த பீபாப் என்ற வேகமான புதுவகை ஜாஸின் மெட்டுகள் சிலவற்றை அவர் ஆல்டோ சாக்சபோனில் வாசித்திருக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த அந்தப் பதிவை, வாசிப்பவர் யார் என்று சொல்லாமல் இசை தெரிந்த நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "பார்க்கரை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் பையன், மூச்சு இன்னும் நிலைக்கவில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிற்காலத்தில் உலகமே அண்ணாந்து பார்த்த ஒரு கலைஞரின் சாயலை அதில் தேடுபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

அந்த ஏமாற்றம்தான் கோல்ட்ரேனைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தது. அவரைப் பற்றிப் பேசும்போது ஆன்மிகம், தவம், அருள் என்று நேராக 1960களுக்குத் தாவிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. ஆனால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் கோல்ட்ரேனும் ஒரே ஆண்டில், 1926இல், பிறந்தவர்கள். 1945இல் மைல்ஸ் நியூயார்க்கில் பார்க்கரின் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கோல்ட்ரேன் 1955இல்தான், அதுவும் மைல்ஸின் குழுவில் கூலிக்கு வாசிப்பவராக, வெளியுலகின் கண்ணில் பட்டார். இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்தவற்றில் அற்புதம் என்று எதுவும் இல்லை. பயிற்சி, கூலி வேலை, பிறர் கொடுத்த பணம், பிறர் கற்றுக்கொடுத்த பாடம் ஆகியவைதான் இருந்தன.

அவர் பிறந்தது வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் ஊரில், வளர்ந்தது அதே மாநிலத்தின் ஹை பாயிண்டில். தந்தை தையற்காரர், பொழுதுபோக்காக வயலினும் உகுலேலேவும் வாசிப்பவர். தாய்வழித் தாத்தா, கறுப்பின மெதடிஸ்ட் திருச்சபை ஒன்றின் போதகர். கோல்ட்ரேனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1938 டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் தாத்தா, தந்தை, பாட்டி, பெரியம்மா ஆகியோர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். குடும்பத்தின் வருமானம் நின்றது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஊரில் ஒரு போதகர் நடத்திய சிறுவர் வாத்தியக் குழுவில் அவர் சேர்ந்தார். முதலில் ஆல்டோ ஹார்ன் என்ற பித்தளைக் குழல், பிறகு கிளாரினெட், பிறகு உள்ளூர் உணவகக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சாக்சபோன் என்று கருவிகள் மாறின. துக்கத்தை மறக்கவே அவர் ஊதத் தொடங்கினார் என்று எழுதுபவர்கள் உண்டு. இருக்கலாம். அந்த வயதுப் பையன் வேறு எதற்காகவும் ஊதியிருக்கலாம்.

தாய் ஆலிஸ் வேலை தேடி வடக்கே போனார். வீட்டு வேலை செய்து சம்பாதித்தார். 1943இல் பள்ளிப்படிப்பு முடிந்ததும் மகனும் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து சேர, அவருக்குச் சொந்தமாக ஓர் ஆல்டோ சாக்சபோனை வாங்கிக் கொடுத்தவர் அந்தத் தாய்தான். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிச் சேர்த்த பணத்தில் வந்த கருவி அது. பகலில் சர்க்கரை ஆலையில் கூலி வேலை செய்த பையன், ஆர்ன்ஸ்டீன் இசைப்பள்ளியில் மைக் குவேரா என்ற ஆசிரியரிடம் முறையாகச் சாக்சபோன் கற்றான். ஃபிலடெல்ஃபியாவின் இசைத்தொழிலாளர் சங்கத்தில் அப்போது கறுப்பினத்தவருக்கென்று 274 என்ற எண்ணில் தனிக் கிளை இருந்தது. அதில் உறுப்பினராவதுதான் அவரைப் போன்றவர்கள் தொழிலுக்குள் நுழைவதற்கு இருந்த வாசல்.

1945 ஜூன் 5ஆம் தேதி அந்நகரின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் கில்லஸ்பியும் பார்க்கரும் வாசித்தார்கள். கோல்ட்ரேன் தன்னைவிட இளையவரான சாக்சபோன் நண்பர் பென்னி கோல்சனோடு போயிருந்தார். கச்சேரி முடிந்ததும் இருவரும் பார்க்கரை ஒட்டிக்கொண்டே தெருவில் நடந்ததைக் கோல்சன் பலமுறை சொல்லியிருக்கிறார். பார்க்கரின் சாக்சபோன் பெட்டியைக் கோல்ட்ரேன் வாங்கிச் சுமந்துகொண்டு வந்தாராம். கோல்சனோ, என்ன ரீட் போடுகிறீர்கள், என்ன மவுத்பீஸ் என்று துளைத்தெடுத்திருக்கிறார். பார்க்கர் தொடர்ந்து உழையுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்து வாசிக்க வேண்டியிருந்த கிளப்புக்குள் நுழைந்துவிட்டார். வயது போதாத காரணத்தால் இவர்கள் இருவரும் வாசலோடு நின்றார்கள். இளைஞர்கள் கேட்ட அந்த எளிய கேள்விகளில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ரீட் எனப்படும் நாணற்பட்டையின் தடிமனும், வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸின் திறப்பும் மாறினால் சாக்சபோனின் குரலே மாறிவிடும். கோல்ட்ரேனும் வாழ்நாள் முழுவதும் திருப்தியடையாமல் மவுத்பீஸ்களை மாற்றிக்கொண்டே இருந்தவர்.

இரண்டு மாதங்களில், ஹிரோஷிமாவின் மீது குண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதியன்று, அவர் கடற்படையில் சேர்ந்தார். அனுப்பப்பட்ட இடம் பேர்ல் துறைமுகம். அங்கிருந்த 'மெலடி மாஸ்டர்ஸ்' என்ற வாத்தியக் குழு முழுவதும் வெள்ளையர்களால் ஆனது. கறுப்பினத்தவரான கோல்ட்ரேனை அதில் உறுப்பினராகச் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை. எனவே மேலதிகாரிகளின் கண்ணில் படாதிருக்க, அவரை 'விருந்தினர்' என்று சொல்லி வாசிக்க வைத்தார்கள். வாசிக்காத நேரத்தில் சமையற்கட்டு வேலையும் காவல் வேலையும் பார்த்தார். பணிக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் குழுவை நடத்தும் பொறுப்பே பெருமளவு அவர் கைக்கு வந்திருந்தது.

கடற்படைப் பணி ஓராண்டில் முடிந்தது. ஆனால் அதனால் கிடைத்த பலன் வேறொரு வழியில் வந்தது. போரிலிருந்து திரும்பியவர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944இல் நிறைவேறியிருந்தது. அந்தப் பணத்தில்தான் கோல்ட்ரேன் ஃபிலடெல்ஃபியாவின் கிரனாஃப் இசைக்கூடத்தில் சேர்ந்து, சில ஆண்டுகள் தொடர்ந்து படித்தார். அதே சட்டத்தின் கடனுதவியால் 1952இல் வடக்கு 33ஆம் தெருவில் ஒரு வீட்டையும் வாங்கினார். அந்தச் சட்டத்தின் பலன்கள், குறிப்பாக வீட்டுக்கடன், கறுப்பினத்தவரில் மிகப் பலருக்கு எட்டாமலே போயின என்பதை நினைத்தால், இவருக்கு வாய்த்தது எவ்வளவு அரியது என்று புரியும். அமெரிக்க ஜாஸின் அந்தத் தலைமுறைக்குப் பின்னால் நின்ற புரவலர்களில் ஒருவர் அரசாங்கமே என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

கிரனாஃபில் அவருக்கு அமைந்த முக்கியமான ஆசிரியர் டென்னிஸ் சாண்டோல். கிட்டார் கலைஞரான அவரிடம் கோல்ட்ரேன் கற்றது ஹார்மனி. கார்டு எனப்படும் சுர அடுக்குகள் ஜாஸில் குறிப்பிட்ட வரிசையில் நகர்ந்து, சுற்றி, மீண்டும் தொடக்கத்துக்கு வரும். வாசிப்பவரின் மனோதர்மம் அந்த நகர்வின் மேல்தான் ஓட வேண்டும். அடுக்கு மாறும் கணத்தில் பழைய சுரத்திலேயே நின்றுவிட்டால் காதுக்கு உடனே தெரிந்துவிடும். பீபாப்காரர்கள் இந்த மாற்றங்களை நெருக்கி, வேகத்தையும் கூட்டியிருந்தார்கள். சாண்டோல் அதற்கும் ஒரு படி மேலே போய், ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கை ஏற்றுவது, ஸ்கேல் எனப்படும் சுர வரிசைகளில் அரியவற்றைக் கையாள்வது, மூன்றாம் சுர இடைவெளியில் சுருதி மாறுவது ஆகியவற்றில் மாணவர்களைப் பழக்கினார். 1959இல் கோல்ட்ரேன் செய்துகாட்டியவற்றுக்கான விதை 1940களின் இந்த வகுப்பறையில் விழுந்தது என்றே நான் நம்புகிறேன்.

வகுப்பில் கேட்டதை விரலில் இறக்குவது தனி வேலை. ஹனான், செர்னி ஆகியோர் பியானோ மாணவர்களுக்காக எழுதிய பயிற்சிகளை அவர் சாக்சபோனில் வாசித்தார். சரளி வரிசையை மூன்று காலத்திலும் ஓட்டுவது போன்ற சமாச்சாரம்தான் அது. ஆனால் இரண்டு கைக்கும் பத்து விரலுக்கும் எழுதப்பட்டதை ஒரே மூச்சில் ஊதும் கருவிக்கு மாற்றும்போது, அந்தக் கருவிக்கு இயல்பாக வராத தாவல்கள் எல்லாம் கைவந்துவிடுகின்றன. அண்டை அயலார் தூங்கும் நேரத்தில் ஊதாமலேயே சாவிகளை மட்டும் அழுத்திப் பழகுவார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜிம்மி ஹீத் என்ற நண்பரும் அவரும் நகரப் பொது நூலகத்துக்குப் போய் ஸ்ட்ராவின்ஸ்கி போன்றோரின் இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு வருவதுண்டு. ஹீத் ஒரு பெரிய வாத்தியக் குழுவையே நடத்திவந்தார், கோல்ட்ரேன் அதில் ஆல்டோ வாசித்தார். அந்நாளைய ஃபிலடெல்ஃபியாவில் இளைஞர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிப் பழகினார்கள். எவர் புதிதாக எதைக் கண்டுபிடித்தாலும் அடுத்த வாரம் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தொழில்முறை வாழ்க்கை என்பது இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் நடந்துகொண்டிருந்தது. 1947இல் கிங் கோலாக்ஸ் குழு, 1948இன் இறுதியில் எடி வின்சன் குழு என்று ஊர் ஊராகப் போனார். வின்சன் தாமே ஆல்டோ வாசிப்பவர். அதனால் கோல்ட்ரேன் டெனார் சாக்சபோனை எடுக்க வேண்டியதாயிற்று. வேலைக்காக நேர்ந்த இந்த மாற்றம் அவருடைய இசை வாழ்க்கையில் வேறு எதையும்விடப் பெரியது என்று நான் சொல்வேன். இரண்டு கருவிகளிலும் விரல் வைக்கும் முறை ஒன்றேதான். டெனார் சுருதியில் தாழ்ந்தது, உடல் பெரியது, மூச்சு கூடுதலாகக் கேட்கும். ஆனால் வேறுபாடு அதில் மட்டும் இல்லை. ஆல்டோவை எடுத்தால் பார்க்கரின் நிழலிலிருந்து தப்ப வழியில்லை. டெனாரிலோ லெஸ்டர் யங், கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர் என்று ஆளுக்கொரு வழி இருந்தது, எந்த ஒருவரும் முழுமையாக ஆளவில்லை. டெனாருக்கு வந்தபின் தனக்குக் கேட்கும் பரப்பே விரிந்தது என்று கோல்ட்ரேன் 1960இல் டவுன்பீட் இதழில் எழுதியிருக்கிறார்.

1949இல் டிஸி கில்லஸ்பியின் பெரிய குழுவில் இடம் கிடைத்தது. ஊரார் பார்வையில் அதுவே உச்சம். ஆனால் அங்கே அவர் மீண்டும் ஆல்டோவோடு, வரிசையில் ஒருவராக உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததை வாசித்தார். பெரிய குழு கலைந்தபின் கில்லஸ்பியின் சிறிய குழுவில் டெனாரோடு 1951 வரை இருந்தார். அக்காலத்தில் தான் தேய்ந்துபோன சங்கதிகளையே வாசித்துக்கொண்டிருந்ததாகவும், மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதற்காக நாகரிகமான மெட்டுகளைக் கற்றுக்கொண்டிருந்ததாகவும், தன்னைத்தானே வெளிப்படுத்த வேண்டும் என்பது புரியவில்லை என்றும் பின்னாளில் அவரே சொன்னார்.

கில்லஸ்பியை விட்டு ஊர் திரும்பியதும் கிடைத்த வேலைகள் ரிதம் அண்ட் ப்ளூஸ் மதுக்கூடங்களில்தான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாக்சபோன்காரர் மேடையிலிருந்து இறங்கி, குடிப்பவர்களின் கோப்பைகளுக்கு நடுவே மதுமேசையின் மேல் ஏறி நடந்துகொண்டே, அடிச்சுரங்களை உறுமலாக ஊத வேண்டும். கூட்டம் ஆர்ப்பரிக்கும், முதலாளிக்கு விற்பனை ஏறும். கோல்ட்ரேனும் அதைச் செய்தார். ஒருநாள் அவர் மேசைமேல் நடந்து ஊதிக்கொண்டிருக்கையில் கதவைத் திறந்துகொண்டு கோல்சன் உள்ளே வர, வாயிலிருந்து சாக்சபோனை எடுத்துவிட்டு "ஐயையோ!" என்றாராம். கோல்சன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஹார்மனி பாடத்தில் ஊறிக்கிடந்த ஒரு இளைஞருக்கு அந்த மேசை எத்தகைய அவமானமாக இருந்திருக்கும் என்று பலர் உருகி எழுதியிருக்கிறார்கள். நான் அவ்வளவு உருக மாட்டேன். பிற்காலத்தில் ஒற்றைச் சுரத்தைப் பிழிந்து அலற வைத்து அரங்கத்தையே அதிரச் செய்தாரே, அந்தத் துணிவின் ஒரு பங்கு அந்த மேசைமேல்தான் கற்றது.

1952இல் ஏர்ல் பாஸ்டிக்கின் குழு. பாஸ்டிக்கை வெறும் ஜனரஞ்சகக்காரர் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கோல்ட்ரேன் அப்படி நினைக்கவில்லை. சாக்சபோனின் வழக்கமான எல்லைக்கு மேலே போய்ச் சுரங்களைப் பிசிறில்லாமல் எடுக்கும் நுட்பங்கள் அவருக்கு அத்துப்படி என்றும், தனக்குப் பலவற்றைக் காட்டிக்கொடுத்தார் என்றும் நன்றியோடு குறிப்பிடுகிறார். அதன்பின் ஜானி ஹாட்ஜஸ். டியூக் எல்லிங்டன் குழுவின் புகழ்பெற்ற ஆல்டோ கலைஞரான அவர், கோல்ட்ரேனின் சிறுவயது ஆதர்சம். அந்தக் குழுவில் வாசித்ததை மெய்யான இசை என்றே அவர் நினைவுகூர்ந்தார். ஆனால் 1940களின் இறுதியிலேயே பற்றிக்கொண்ட ஹெராயின் பழக்கம் இதற்குள் முற்றியிருந்தது. மேடையிலேயே கண் செருகிப்போகும் நிலை. பொறுமையானவர் என்று பெயரெடுத்த ஹாட்ஜஸே 1954இல் அவரை அனுப்பிவிட்டார்.

1955 செப்டம்பரில் மைல்ஸ் டேவிஸ் புதிய குழு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார். அவர் விரும்பிய டெனார் கலைஞர் சானி ரோலின்ஸ் கிடைக்காததால், டிரம்ஸ் கலைஞர் ஃபில்லி ஜோ ஜோன்ஸ் தன் ஊர்க்காரரான கோல்ட்ரேனைச் சொன்னார். அதாவது இரண்டாவது தேர்வாகத்தான் அவர் உள்ளே வந்தார். என்ன வாசிக்கட்டும், எதை விடட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த கோல்ட்ரேன் மீது மைல்ஸுக்கு எரிச்சல். தொழில் தெரிந்தவன் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ள வேண்டும் என்பது மைல்ஸின் கட்சி. ஆசிரியர்களிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு அப்படியொரு மௌனம் புதிது. 1956 மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாட்களில் அக்குழு பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காக நான்கு இசைத்தட்டுகளுக்கான இசையைப் பதிவு செய்து முடித்தது. அவற்றை வரிசையாகக் கேட்டால், மைல்ஸ் ஒவ்வொரு சுரத்தையும் எண்ணிச் செலவிடுவதும், அடுத்து வரும் கோல்ட்ரேன் சொல்ல வேண்டியது தொண்டையில் முட்டுவதுபோல் முண்டுவதும் தெளிவாகக் கேட்கும். சில இடங்களில் ரீட் கீச்சிடுகிறது. ஆனால் அது இனி எவருடைய நகலும் இல்லை.

1957 ஏப்ரலில் மைல்ஸ் அவரை நீக்கினார். காரணம் அதே ஹெராயின். கோல்ட்ரேனுக்கு அப்போது முப்பது வயது. ஃபிலடெல்ஃபியா வீட்டுக்குத் திரும்பி, ஓர் அறைக்குள் இருந்துகொண்டு, தாயும் மனைவியும் துணை நிற்க, அந்தப் பழக்கத்தை விட்டார். இந்தக் கட்டத்தைக் காவியமாக எழுதியவர்கள் போதுமான பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பூட்டுவது அதன்பின் வந்த வேகம்தான். மே 31ஆம் தேதி தன் பெயரில் முதல் இசைத்தட்டுக்கான பதிவு. ஜூலையில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கஃபேயில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் நீண்டகாலக் கச்சேரி. செப்டம்பர் 15இல் 'ப்ளூ ட்ரெயின்' இசைத்தட்டின் பதிவு.

மங்க்கிடம் கற்ற விதம் பழைய பாணிக் குருகுலத்தை ஒத்தது. காலையில் கோல்ட்ரேன் அவர் வீட்டுக்குப் போவார். மங்க் எழுந்து பியானோவில் அமர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார். இவர் பார்த்துப் பார்த்து சாக்சபோனில் பிடிக்க வேண்டும். எழுதிய தாளைக் கேட்டவுடன் கொடுப்பது மங்க்கின் வழக்கம் இல்லை. எவ்வளவு முயன்றும் வராத இடத்துக்குத்தான் தாள் வெளியே வரும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்கள் கேட்கும்படி டெனாரை ஊதலாம் என்பதையும் மங்க்தான் சுட்டிக்காட்டினார். விரல்களை வழக்கத்துக்கு மாறாக வைத்து, உதட்டை அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். இரவில் மேடையில், பாதியில் பியானோவை விட்டு எழுந்து ஆடவோ குடிக்கவோ போய்விடுவார். பாஸும் டிரம்ஸும் மட்டும் துணையிருக்க, கோல்ட்ரேன் பதினைந்து இருபது நிமிடம் தனியே ஓட்டுவார். மங்க்குடன் வாசிக்கும்போது ஒரு கணம் கவனம் தவறினாலும் லிஃப்ட் இல்லாத குழிக்குள் காலை வைத்ததுபோல் இருக்கும் என்று அவர் எழுதினார். அந்த நவம்பர் 29இல் கார்னகி ஹாலில் இருவரும் வாசித்ததன் ஒலிநாடா 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேட்டால், நடுவில் ஓராண்டுதான் கழிந்தது என்பதை நம்புவது சிரமம்.

1958 தொடக்கத்தில் மைல்ஸிடம் திரும்பிய கோல்ட்ரேன் வேறு ஆள். ஓர் அடுக்கின் இடத்தில் மூன்று அடுக்குகளை நினைத்து, அவற்றின் சுரங்கள் அனைத்தையும் கிடைத்த நேரத்துக்குள் திணிக்க முயன்றார். அவை நான்கு நான்காகவோ மூன்று மூன்றாகவோ அடங்காதபோது ஐந்தும் ஏழுமாகக் கூட்டிக்கொண்டார். விமர்சகர் ஐரா கிட்லர் அதற்கு 'ஒலி விரிப்புகள்' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் பதிவான 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' மெட்டில், பதினாறு தாள அளவுகளுக்குள் இருபத்தாறு சுர அடுக்குகள் மாறி மாறி வருகின்றன. சுருதி மூன்று இடங்களுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 280 தாளத் தட்டுகளுக்கும் மேல். கோல்ட்ரேன் அதில் தங்குதடையின்றி ஓடுகிறார். அடுத்து வரும் பியானோ கலைஞர் டாமி ஃப்ளனகன் தொடங்குகிறார், தடுமாறுகிறார், ஒற்றைச் சுரங்கள் குறைந்து வெறும் அடுக்குகளாகச் சுருங்குகிறார். அதைக் கேட்டு ஃப்ளனகனைக் கேலி செய்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் அக்காலத்தின் மிகச் சிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர். கோல்ட்ரேன் பல காலம் வீட்டில் அலசித் தேர்ந்த ஒன்றை அவர் பதிவறையில் சந்திக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1982இல், கோல்ட்ரேன் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், ஃப்ளனகன் தன் மூவர் குழுவோடு அதே மெட்டை மீண்டும் பதிவு செய்து, தடையில்லாமல் முழுமையாக வாசித்து முடித்தார்.